நோயுற்ற நாளில் உழைக்கலாமா?

நகரத்தில் காலைதோறும் உலாவச் செல்வோர், "இன்று உடம்பு சரியில்லை, தேகப்பயிற்சி செய்யலாமா?" என்று கேட்கின்றனர். நமது தருமபுரி மாவட்டத்தில் இதே கேள்வி வேறோர் உருவில் எழுகின்றது. குழித்தறியில் அமர்ந்து நாள் முழுதும் மிதி மிதிக்கும் நெசவாளிக்கும், பாலக்கோட்டுத் தக்காளிக் காட்டில் குனிந்து களையெடுக்கும் உழவருக்கும், பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை சுமந்து வரும் பெண்மணிக்கும் உழைப்பே தேகப்பயிற்சி. "இன்று தறியில் இறங்கலாமா? இன்று காட்டுக்குப் போகலாமா?" என்பதே அவர்களுடைய கேள்வி. இறங்காவிடில் கூலி போகும்; இறங்கக்கூடாத நாளில் இறங்கினாலோ, சில வேளைகளில் உயிருக்கே கேடு வரும். ஆதலின் இதனைப் பற்றிச் சிறிது விரிவாக எண்ணிப் பார்ப்போம்.

நம்மிடையே இருவகை நம்பிக்கைகள் வழங்குகின்றன. "நன்றாக வியர்க்க வேலை செய்தால் காய்ச்சல் தானே விட்டுப் போகும்" என்பது ஒன்று. "நோய் என்று வந்துவிட்டால் மாதக் கணக்கில் கட்டிலை விட்டு எழவே கூடாது" என்பது மற்றொன்று. இரண்டும் பிழையானவை. எந்த நோயில் எவ்வளவு ஓய்வு என்பதை அறிவதே அறிவுடைமை.

காய்ச்சலில் உடம்பு படும் பாடு

காய்ச்சல் என்பது உடம்பு தானே மூட்டிக்கொள்ளும் உலை. கிருமிகளோடு போராடுவதற்காக உடம்பு தன் சூட்டை உயர்த்துகின்றது. ஒரு டிகிரி சென்டிகிரேடு சூடு ஏறினால் இருதயம் நிமிஷத்திற்கு ஏறத்தாழ 10 முறை கூடுதலாகத் துடிக்கின்றது. அதாவது, படுத்திருக்கும் நோயாளியின் இருதயமும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றது. அந்நிலையில் தறி மிதிப்பதும் மண்வெட்டி பிடிப்பதும் அதன்மேல் இரண்டாவது சுமையை ஏற்றுவதாகும். சித்திரை, வைகாசி வெயிலில் இச்செயல் இன்னும் கொடியது. உள்ளே ஒரு சூடு, வெளியே ஒரு சூடு, இடையே வியர்வையால் நீர் வற்றிய உடம்பு. வியர்வை காய்ச்சலின் காரணத்தைப் போக்குவதில்லை. உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் போக்குகின்றது.

இதனினும் அஞ்சத்தக்கது வேறொன்று உண்டு. சில வைரஸ் கிருமிகள் இருதயத்தின் தசையையே தாக்கி அதனை வீங்கச் செய்யும். அவ்வேளையில் கடுமையாக ஓடுவோருக்கும் உழைப்போருக்கும் இருதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீர் மரணம் நேர்வதுண்டு. இத்தகைய வீக்கம் உண்டானவர்கள் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை கடும் உழைப்பைத் தவிர்க்க வேண்டுமென மருத்துவர்கள் விதிக்கின்றனர். போலீஸ், ராணுவத் தேர்வுக்காகப் பள்ளி மைதானங்களில் ஓடிப் பழகும் நம் இளைஞர்கள் இதனைக் கருத்தில் இருத்த வேண்டும்.

கழுத்துக்கு மேலும் கீழும்

மருத்துவர்கள் எளிய கணக்கொன்று சொல்வதுண்டு. நோயின் குறிகள் கழுத்துக்கு மேலேயே நிற்கின்றனவா, கீழே இறங்கிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். மூக்கு ஒழுகுதல், தும்மல், இலேசான தொண்டைக் கரகரப்பு ஆகியவை மட்டும் இருந்து, காய்ச்சலும் இல்லையாயின், நிதானமான நடையும் இலகுவான வேலையும் தீங்கு செய்யா. காய்ச்சல், உடம்பு வலி, மார்புச் சளி, மூச்சிரைப்பு, மார்பு வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தால் ஓய்வே தக்கது. மார்பு வலியும் மூச்சுத் திணறலும் ஓய்வோடு நில்லாமல் உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய குறிகள்.

இக்கணக்கு ஒரு வழிகாட்டியே; முடிந்த முடிபு அன்று. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதியோரும் இதனை மட்டும் நம்புதல் ஆகாது. காய்ச்சல் கண்டால் சர்க்கரையின் அளவு தாறுமாறாகும். உணவு குறைந்ததென்று மருந்தைத் தாமே நிறுத்திவிடுவதும் ஆபத்து. மருத்துவரைக் கேட்டே அளவை மாற்ற வேண்டும்.

வயிற்றுப்போக்கு உள்ள நாளில் உழைப்பைப் பற்றிப் பேச்சே வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியை நீரில் கரைத்துப் பருக வேண்டும். அது கிடைக்காவிடில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைச் சிறு கரண்டி உப்பும், தலை தட்டிய அளவாக, கலந்து பருகலாம்.

டெங்குவின் வஞ்சகம்

"காய்ச்சல் விட்டது, இனித் தறியில் இறங்கலாம்" என்று எண்ணுவது பல நோய்களில் சரியாகலாம். டெங்கு காய்ச்சலில் அதுவே பெரும் தவறாய் முடியக்கூடும். டெங்குவில் சூடு தணியும் வேளைதான் அபாயமான வேளை. நோய் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும்போது, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த ஓட்டமே தளரக்கூடும். அந்த ஒன்றிரண்டு நாட்களில் கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு, நிலைகொள்ளாமை ஆகியவற்றுள் எது தோன்றினும் நோயாளியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வலி தீர்க்கும் மாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கி உண்ணுதலும் தவறு. அவற்றுட் சில இரத்தக் கசிவை மிகுவிக்கும்.

சென்னையில் கண்ட உண்மை

இதுவரை ஓய்வின் நன்மையைக் கூறினோம். ஓய்வே எல்லா நோய்க்கும் மருந்தாகுமோ? இதற்குச் சிறந்த விடை நம் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

ஒரு காலத்தில் காசநோய் என்றால் ஓய்வும் நல்ல காற்றும் சத்துணவுமே சிகிச்சையாக இருந்தன. 1928-இல் தாம்பரத்தில் டாக்டர் சவுரிமுத்து நிறுவிய சானடோரியம் அந்தக் காலத்தின் நினைவாக இன்றும் ஒரு ரெயில் நிலையத்தின் பெயரில் விளங்குகின்றது. ஆனால் நோயாளிகளோ எண்ணற்றோர். படுக்கைகளோ மிகச் சில. நாட்கூலிக்காரர் ஓராண்டு படுத்திருந்தால் அவர் குடும்பம் என்ன செய்யும்?

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடிச் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை ஏற்படுத்தின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்பாரின் தலைமையில், ஏழை நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பெற்றனர். ஒரு சாரார் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மற்றவர் நெருக்கடி மிக்க தம் வீடுகளிலேயே இருந்தனர். மருந்து இரு சாராருக்கும் ஒன்றே. வீட்டிலிருந்தோர் மிகுதியாக நடமாடினர். அவர்களுடைய உணவும் சத்துக் குறைந்ததாகவே இருந்தது. முடிவு 1959-இல் வெளிவந்தது. ஓராண்டு சிகிச்சைக்குப் பின் சானடோரியத்தில் 100-க்கு 92 பேருக்கும், வீட்டில் 100-க்கு 86 பேருக்கும் நோய் தணிந்திருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை மிகுதியாகக் கூடியது உண்மை. ஆயினும் நோய் நீக்கத்தில் பெரிய வேற்றுமை இல்லை. நோயை வென்றது கட்டில் அன்று. தவறாது உண்ட மருந்து. வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலான ஆபத்து நேரவில்லை. இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியமைத்தது.

இதனைக் கொண்டு, காசநோயாளி முதல் நாளிலிருந்தே மூட்டை தூக்கலாம் என்று யாரும் முடிவு கட்டிவிடலாகாது. காய்ச்சலும் இளைப்பும் எடைக் குறைவும் உள்ளவரை ஓய்வு வேண்டியதே. பலர் கூடி நெய்யும் கொட்டகைக்கு எப்போது திரும்பலாம் என்பதையும் மருத்துவரே கூற வேண்டும். நெசவாளிகள் இருமலைப் பஞ்சுத் தூசியின் மேல் ஏற்றிப் பேசுவது வழக்கம். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிப்பதே முறை. சோதனையும் மருந்தும் அரசு நிலையங்களில் இலவசம். சத்துணவுக்கென மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கி வந்தது; 2024 நவம்பரில் அத்தொகை 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மிகை ஓய்வின் தீங்கு

அளவு மீறிய ஓய்வும் நோயே. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் திடமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருத்திப் பார்த்தனர். அவர்களுடைய உழைக்கும் ஆற்றல் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குன்றிற்று. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைக் காட்டிலும் மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே மிகுதி எனக் கண்டனர். எனினும், அன்று படுக்கையை விட்டு எழுந்தபின் எட்டு வாரப் பயிற்சியில் இழந்த ஆற்றலை அவர்கள் மீட்டுக்கொண்டனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆகவே நான்கைந்து நாள் ஓய்வெடுத்தால் கற்ற தொழிலும் பெற்ற வலிவும் போய்விடும் என அஞ்ச வேண்டியதில்லை. காய்ச்சல் தணிந்து அபாயம் நீங்கியபின் கட்டிலிலேயே கிடப்பதும் வேண்டியதில்லை. சிக்குன்குன்யா போன்றவற்றால் நீடிக்கும் மூட்டுப் பிடிப்புக்கும், காய்ச்சல் நீங்கியபின் மெல்ல மெல்ல அசைத்துப் பழகுதலே நலம்.

மீண்டும் தொடங்கும் முறை

சாதாரணக் காய்ச்சலாயின், மாத்திரையின் துணையின்றி ஒரு நாள் முழுதும் சூடு இல்லாதிருக்க வேண்டும். அதன்பின் கால் மணி நேரம் மெல்ல நடந்து பார்க்கலாம். நடக்கும்போதே பேச முடிகிறதா என்று கவனிக்க வேண்டும். மூச்சிரைப்பு, தலைச்சுற்றல், நெஞ்சுப் படபடப்பு, மார்பு வலி இவை இல்லையாயின், மறுநாள் வழக்கமான வேலையில் பாதி. அடுத்த சில நாட்களில் முழு வேலை. நெசவாளி முதல் நாளில் தார் சுற்றுதல் போன்ற இலகுவான வேலையைக் கொள்ளலாம். உழவர் வெயில் ஏறுமுன் இரண்டு மணி நேரத்தோடு நிறுத்தலாம். டைபாய்டு, மஞ்சள் காமாலை, நிமோனியா ஆகியவற்றுக்கு இக்கணக்குப் பொருந்தாது. மருத்துவர் சொல்லும் நாளே நாள்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் அறிந்தும், "இன்று நெய்யாவிடில் நாளை அடுப்பு எரியாது" என்னும் நிலையில் உள்ளவர் தறியில் இறங்கியே தீருவார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. இங்கேதான் கூட்டுறவின் பொருள் விளங்க வேண்டும். ஒவ்வொரு சங்கக் காரியாலயத்திலும் ஒரு வெப்பமானி இருக்கட்டும். காய்ச்சல் கண்ட அங்கத்தினருக்குச் சேலையை ஒப்படைக்கும் கெடுவைச் சில நாள் நீட்டிக் கொடுக்கலாம். அவருடைய குடும்பத்தாருக்கு இலகுவான வேலையைப் பகிர்ந்தளிக்கலாம். விவசாயிகளிடையே வேலைக்கு வேலை மாற்றிக்கொள்ளும் பழைய வழக்கம் உண்டு. நோயுற்றவரின் கேழ்வரகுக் காட்டில் நால்வர் ஒரு நாள் களையெடுத்தால், அவர் நலம் பெற்று அந்நாளைத் திருப்பித் தருவார்.

பாவில் ஓர் இழை அறுந்தால், நெசவாளி தறியை நிறுத்தி அதனைப் பிணைத்த பின்னரே மேலே நெய்கின்றார். நிறுத்திய அந்தச் சிறு நேரம் வீண் என்று அவர் கருதுவதில்லை. அங்கத்தினர்கள் தம் உடம்பினிடத்தும் அந்த அளவு பொறுமையைக் காட்டுவார்களாக.