ஒரே சுவரா, இரண்டு கோடுகளா?

சிங்கப்பூரின் டன்லப் ஸ்திரீட்டில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் கடைவீடுகளுக்கு நடுவே ஒரே பொதுச்சுவர்தான். கணினி வரைபடத்திலோ பெரும்பாலும் அதற்கு இரண்டு கோடுகள்: இந்த மனையின் எல்லை ஒன்று, அடுத்த மனையின் எல்லை ஒன்று. அவற்றில் ஒன்று தலைமுடி அகலத்தில் நூறில் ஒரு பங்கு நகர்ந்தாலும் போதும், 'நடுவில் சந்து இருக்கிறது' என்று நிரல் சாதிக்கும். அதனால்தான் நிரலாளர்கள், 'இவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் இரண்டும் ஒன்றே' என்று ஓர் அளவை வைக்கிறார்கள். அதுதான் டாலரன்ஸ்.

பலரும் கைப்பழக்கத்தில் 0.000001 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எதில் 0.000001? அட்ச, தீர்க்க ரேகைப் பாகையில் என்றால், சிங்கப்பூரில் அது சுமார் 11 சென்டிமீட்டர். மீட்டரில் என்றால் ஒரு மைக்ரான்! பாகையில் இன்னொரு சங்கடமும் உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் ஒரு பாகை ஏறத்தாழ ஒரே நீளம். இங்கே சரியாக ஓடிய நிரலை லண்டனுக்குக் கொண்டுபோனால், கிழக்கு மேற்கில் அதே 11 சென்டிமீட்டர் 7 ஆகச் சுருங்கிவிடும்.

எண்ணை எப்படிச் சேமிக்கிறோம் என்பதும் விளையாடும். டன்லப் ஸ்திரீட் இருக்கும் தேக்கா பக்கம் அட்சம் சுமார் 1.306, தீர்க்கம் 103.85. இவற்றை 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக வைத்தால், எண் பெரிதாகப் பெரிதாக நுணுக்கம் குறையும். வடக்கு தெற்கில் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான படிகள் கிடைக்கும். கிழக்கு மேற்கில் ஒவ்வொரு படியும் சுமார் 85 சென்டிமீட்டர். கடைவீட்டு முகப்பின் ஐந்தடி நடைபாதையில் பாதிக்கும் மேல் ஒரே படியில் போய்விடும். இப்படிப்பட்ட தரவுக்கு எந்த டாலரன்ஸும் கைகொடுக்காது.

நில அளவைக்கு 2004 முதல் சிங்கப்பூர் பயன்படுத்தும் எஸ்விஒய்21 முறை மீட்டரில் பேசுகிறது. தீவின் நடுவே உள்ள தொடக்கப் புள்ளிக்குக் கிழக்கு மதிப்பு 28,001.642, வடக்கு மதிப்பு 38,744.572 என்று கொடுத்திருப்பதால் தீவு முழுதும் கழித்தல் குறி வராது. 64 பிட்டில் இந்த எண்களின் படி ஓர் அணுவைவிடச் சிறியது. ஆக, கணக்குப் பிழை ஒரு பொருட்டே இல்லை. களத்தில் எதை அளக்கிறோம் என்பதே கேள்வி. மனை எல்லை என்றால் ஒரு மில்லிமீட்டர் பொருந்தும். ஆர்க்ஜிஐஎஸ் வரைபட மென்பொருளின் இயல்பு அளவும் அதுவே. கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே ஏறத்தாழ 5 மீட்டர் தள்ளிக் காட்டலாம். பல கடைவீடுகளின் அகலமே அவ்வளவுதான். அந்தப் புள்ளியை வைத்து, 'வாடிக்கையாளர் நகைக்கடையில் நிற்கிறார்' என்று ஒரு செயலி அடித்துச் சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

அளவைச் சரியாக வைத்தாலும் ஒரு கண்ணி உண்டு. டாலரன்ஸ் 10 மில்லிமீட்டர், ஒரே நேர்க்கோட்டில் வரிசையாக உள்ள அ, ஆ, இ என்ற மூன்று புள்ளிகளில் அடுத்தடுத்தவற்றுக்கிடையே 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அ-வும் ஆ-வும் ஒன்று, ஆ-வும் இ-யும் ஒன்று. அ-வும் இ-யும் 16 மில்லிமீட்டர் தள்ளி. கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொண்டே போனால், வளைந்த நடைபாதை ஓரம் முழுவதும் ஒரே புள்ளியாகிவிடும். கட்டம் போட்டு முழு எண்ணாக்கினாலோ, கட்டக்கோட்டின் இருபுறமும் ஒட்டியிருக்கும் புள்ளிகள் பிரிந்துபோகும்.

எல்லாக் கேள்விக்கும் டாலரன்ஸ் தேவையில்லை. ஒரு புள்ளி கோட்டுக்கு இடப்புறமா வலப்புறமா என்று மட்டும் அறிய, ஜொனாதன் ஷூசக் 1997இல் வெளியிட்ட முறை முதலில் வேகமாகக் கணக்கிட்டு, விடையின் பிழை எவ்வளவு இருக்கக்கூடும் என்று தானே பார்த்துக்கொள்ளும். பக்கத்தைச் சொல்லும் கூட்டல், கழித்தல் குறி மாறக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால் மட்டுமே கூடுதல் நுணுக்கத்தோடு மீண்டும் கணக்கிடும். பெரும்பாலான புள்ளிகள் முதல் சுற்றிலேயே முடிந்துவிடுவதால் நேரமும் பெரிதாகச் செலவாவதில்லை.