பழைய டிஷ் ஆண்டெனாவின் புதிய உபயோகம்

கொச்சியின் மட்டாஞ்சேரி கடலை அடுத்த பகுதி. உப்புக் காற்றும் பருவமழையும் கூரைமேலுள்ள இரும்பை விரைவில் அரிக்கின்றன. அங்குக் கைவிடப்படும் கேபிள் டெலிவிஷன் டிஷ்களைப் பழைய இரும்பாக எடைக்குப் போடுமுன் ஒன்று கவனிக்கத்தக்கது.

டிஷ்ஷின் பரப்பிலுள்ள மேடுபள்ளம், அது ஏற்கும் அலையின் நீளத்தில் பதினாறில் ஒரு பங்கிற்கு மிகாதிருப்பது நலம். கேபிள் நிலையத்திற்கு வரும் அலையின் நீளம் சுமார் 7.5 சென்டிமீட்டர், ஆகவே 5 மில்லிமீட்டர் நசுங்கலே அதற்குக் குறையாகும். ஆனால் பால்வீதியிலுள்ள ஹைட்ரஜன் வாயு வெளியிடும் அலையின் நீளம் 21 சென்டிமீட்டர். அதற்கு 13 மில்லிமீட்டர் வரையிலான நசுங்கல் தடையன்று. டெலிவிஷனுக்கு உதவாதது வானாராய்ச்சிக்கு உதவும்!

பெரிய டிஷ்களுக்கும் இதே கதிதான். 2002-இல் இயங்கத் தொடங்கி, கொச்சியிலும் கரையேறும் ‘சேஃப்’ போன்ற கடலடிக் கேபிள்கள் பெருகவே, செய்தித்தொடர்பு டிஷ்கள் பல வேலையிழந்தன. கானா நாட்டுக் குந்துன்சேயில் அவ்வாறு ஓய்ந்த 32 மீட்டர் டிஷ் ஒன்று, 2017-இல் ரேடியோ டெலஸ்கோப்பாகத் திறந்துவைக்கப்பட்டது.

சிறு டிஷ்ஷில் செய்யவேண்டியது அதிகமில்லை. குவியத்திலுள்ள பழைய கருவியை நீக்கி, சுமார் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள தகர டப்பாவினுள் சிறு கம்பி பொருத்தி அமைத்தல் வேண்டும். அதனுடன் ஒரு பெருக்கியும், கம்ப்யூட்டரோடு இணையும் சிறு ரிசீவரும் தேவை. டிஷ்ஷை ஒரே திசையில் நிறுத்திவைத்தால், பூமி சுழலும்போது பால்வீதி தானே குறுக்கே வரும். மாணவர் ஏற்றவிறக்கத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கை இரண்டு: காற்றில்லா நாளில், மின்கம்பிகளுக்கு விலகி நின்று டிஷ்ஷை இறக்குக. பளபளப்பான தகட்டு டிஷ்ஷைச் சூரியன்பால் திருப்பற்க. குவியத்தில் கை சுடும்.

பள்ளிகள் எளிதில் வாங்கவியலாத கருவியொன்று எடைக்கு விலைபோகாதிருக்க, ஆசிரியரின் ஒரு சொல் போதுமானது.