பாலைவனச் சாலைப் பயணமா? எதை விடுவது என்பதிலிருந்து திட்டமிடுங்கள்

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பில் நின்றால், எதிரே வடக்கு விளிம்பு கண்ணுக்குத் தெரியும். நேர்க்கோட்டில் அளந்தால் இடைவெளி ஏறத்தாழ 16 கிலோமீட்டர். ஜூரோங்கிலிருந்து பிடோக்குக்குச் செல்லும் தூரம்கூட இல்லை. ஆனால் காரில் மறுபக்கம் போய்ச் சேர 340 கிலோமீட்டர் சுற்றிச் செல்ல வேண்டும். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு ஓட்டிச் செல்வதற்கு ஏறக்குறைய சமம் அது.

அந்த வட்டாரத்துக்குப் பயணம் திட்டமிடும் இளையர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது. அங்கு இரண்டு இடங்கள் அருகருகே இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கும். அல்லது நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு கடைகூட இல்லாத சாலை இருக்கும்.

தேர்வு முடிந்ததும் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு காரை வாடகைக்கு எடுத்து, யூட்டா, அரிசோனா மாநிலங்களின் தேசியப் பூங்காக்களைச் சுற்றி வருவது பலரது ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் அங்குத் திட்டமிடல் என்பது பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிடுவது மட்டுமல்ல. தூரம், வெப்பம், வெள்ளம், அனுமதி ஆகிய நான்கும் எதையெல்லாம் விட்டுவிடச் சொல்கின்றன என்று பார்ப்பதே முக்கியமான வேலை.

வட்டப் பாதையின் நீளம்

பெரும்பாலோர் லாஸ் வேகாஸ் நகரில் இறங்கி அங்கிருந்தே காரை எடுக்கிறார்கள். அங்கிருந்து ஸயன் தேசியப் பூங்கா ஏறத்தாழ 260 கிலோமீட்டர். ஸயனிலிருந்து செந்நிறப் பாறைத் தூண்களுக்குப் பெயர்பெற்ற பிரைஸ் கேன்யன் 135 கிலோமீட்டர். அதற்கடுத்து ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பூங்காக்கள் உள்ள மோவாப் நகருக்குக் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். பிறகு மான்யுமென்ட் வேலிக்கு 240, பேஜ் நகருக்கு 200, கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்கு 215, மீண்டும் லாஸ் வேகாஸுக்கு 445.

எல்லாம் சேர்த்தால் சுமார் 1,900 கிலோமீட்டர். பூங்காக்களுக்குள் ஓட்டும் தூரம் இதில் சேரவில்லை. இதை ஏழு நாளில் முடிக்க நினைத்தால், பயணத்தின் பெரும்பகுதி காருக்குள்ளேயே கழிந்துவிடும். பத்து நாளாவது வேண்டும்.

ஏழு நாள்தான் இருக்கிறது என்றால் மோவாப்பையும் மான்யுமென்ட் வேலியையும் விட்டுவிட்டு, பிரைஸிலிருந்து நேரே பேஜ் நகருக்கு வரலாம். ஏறத்தாழ 600 கிலோமீட்டர் மிச்சம். அந்த நேரத்தில் ஒரு பூங்காவில் கூடுதலாக ஒரு நாள் தங்கலாம். விடியற்காலையில் நடைப்பாதைக்குப் போகலாம்.

சாலையில் இன்னொன்றையும் கவனியுங்கள். யூட்டாவில் கிரீன் ரிவர், சலைனா ஆகிய ஊர்களுக்கு இடையே 70ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 170 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் நிலையமே கிடையாது. பாதித் தொட்டி காலியானதும் நிரப்பிவிடுவது அந்த வட்டாரத்தில் நல்ல பழக்கம். கைப்பேசித் தொடர்பும் பல இடங்களில் இருக்காது. எனவே இணையமின்றி இயங்கும் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். தாளில் அச்சிட்ட வரைபடம் ஒன்றையும் வைத்திருங்கள். செயலி காட்டும் குறுக்குவழி மண்சாலையாக இருக்கலாம். வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் மண்சாலையில் ஓட்டத் தடை உண்டு.

நம் விடுமுறையும் அங்குள்ள பருவமும்

நம் பல்கலைக்கழகங்களின் நீண்ட விடுமுறை மே மாதம் தொடங்கி ஜூலை வரை செல்கிறது. பாலைவனத்தில் ஜூன், ஜூலைதான் கடும் வெயில் காலம். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை அங்குப் பருவமழையும் திடீர் வெள்ளமும் உண்டு. நமக்கு வசதியான நேரம் அந்த நிலத்துக்கு மிகக் கடினமான நேரமாக அமைந்துவிடுகிறது.

முடிந்தால் தேர்வு முடிந்தவுடன் மே மாதத்திலேயே கிளம்புவது நல்லது. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு மார்ச், ஏப்ரல் விடுமுறை இன்னும் பொருத்தம். டிசம்பரிலும் போகலாம், கூட்டம் குறைவு. ஆனால் பாலைவனம் என்றாலும் அது உயர்ந்த பீடபூமி. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. பிரைஸ் அதைவிட உயரம். டிசம்பரில் இரண்டிலும் பனி பொழியும். வடக்கு விளிம்புக்குச் செல்லும் சாலை குளிர்காலத்தில் மூடப்படும். 2025 ஜூலையில் பரவிய காட்டுத்தீ அங்கிருந்த புகழ்பெற்ற விடுதியையும் அழித்துவிட்டது.

சிங்கப்பூரில் வளர்ந்தவர்கள் எளிதில் மறந்துவிடும் ஒன்று, பகல் நேரத்தின் நீளம். இங்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். அங்கு ஜூனில் பதினான்கரை மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பரில் ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கிவிடும். மாலை ஐந்தேகால் மணியளவில் சூரியன் மறைந்துவிடும். அதன் பிறகு விளக்கில்லாத சாலைகளில் மானும் மாடும் குறுக்கே வரும். குளிர்காலத் திட்டத்தில் மாலை நேரப் பயணத்தைச் சேர்க்காதீர்கள்.

இறங்குவது எளிது, ஏறுவதுதான் கடினம்

மலையேற்றத்தில் முதலில் ஏறுகிறோம். களைத்துப்போனால் இறங்கிவிடலாம். பள்ளத்தாக்கில் இது தலைகீழ். காலையில் குளிர்ந்த காற்றில் உற்சாகமாக இறங்குவோம். களைத்து, தண்ணீர் தீர்ந்து, வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் ஏறத் தொடங்குவோம். இறங்குவதற்கு ஒரு மணி நேரமானால் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

கீழே போகப் போக வெப்பமும் கூடும். கோடையில் தெற்கு விளிம்பில் 28, 29 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது, அடியில் கொலராடோ ஆற்றங்கரையில் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். விளிம்பிலிருந்து ஆறுவரை ஒரே நாளில் இறங்கி ஏற முயல வேண்டாம் என்றும், கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை பள்ளத்தாக்கினுள் நடக்க வேண்டாம் என்றும் பூங்கா நிர்வாகம் அறிவுறுத்துகிறது.

“சிங்கப்பூர் வெயிலே பழகிவிட்டது, இது என்ன பெரிய வெயில்?” என்று நினைக்கலாம். நம் ஊரில் காற்றில் ஈரம் அதிகம்; வியர்வை உடலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்; சட்டை நனைவதை உணர்கிறோம். வறண்ட காற்றில் வியர்வை வந்தவுடன் ஆவியாகிவிடும். தோல் உலர்ந்தே இருக்கும். உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்பதே தெரியாது. ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக்கூடாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்ற கணக்கில் காரில் தண்ணீர் இருக்கட்டும். உப்புச் சேர்ந்த தின்பண்டமும் அவசியம். நீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து, அதுவும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

மேலே நீல வானம், உள்ளே வெள்ளம்

பேஜ் நகருக்கு அருகில் உள்ள ஆன்டலோப் கேன்யனின் படங்களைப் பார்க்காத இளையர் குறைவு. அலை அலையாக வளைந்த ஆரஞ்சு நிறப் பாறைச் சுவர்கள், நடுவே விழும் ஒளிக்கீற்று. அந்த வளைவுகளைச் செதுக்கியதே திடீர் வெள்ளம்தான்.

1997 ஆகஸ்ட் 12ஆம் தேதி, கீழ் ஆன்டலோப் கேன்யனில் இருந்த 11 சுற்றுப்பயணிகள் வெள்ளத்தில் உயிரிழந்தனர். பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் பெரிய மழை இல்லை. பல கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழைநீர், பாறை நிலத்தில் இறங்க வழியின்றி ஓடி வந்து குறுகிய இடுக்கினுள் பாய்ந்தது. 2015 செப்டம்பர் 14ஆம் தேதி, ஸயன் பூங்காவின் கீஹோல் கேன்யனில் ஏழு பேர் இதேபோல் மாண்டனர். அவர்கள் முறையாக அனுமதி பெற்று இறங்கியவர்கள்.

இந்த இரு நிகழ்வுகளும் சொல்வது ஒன்றுதான்: தலைக்கு மேல் தெரியும் வானத்தை நம்பக்கூடாது, அனுமதிச் சீட்டு பாதுகாப்புச் சான்றிதழும் ஆகாது. குறுகிய பள்ளத்தாக்கினுள் செல்லும் நாளில், காலையிலேயே பூங்காவின் வருகையாளர் நிலையத்தில் வெள்ள முன்னுரைப்பைக் கேளுங்கள். வெள்ளம் வரக்கூடும் என்று சொன்னால் அந்த நாளுக்கு வேறு திட்டம் கைவசம் இருக்க வேண்டும். மாற்றுத் திட்டம் இல்லாதவர்கள்தான் “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்று இறங்கிவிடுகிறார்கள்.

யாருடைய நிலம், யாருடைய நேரம்?

ஆன்டலோப் கேன்யனும் மான்யுமென்ட் வேலியும் தேசியப் பூங்காக்கள் அல்ல. அவை நவஹோ பழங்குடி மக்களின் நிலம். நவஹோ நேஷன் எனப்படும் அந்த ஆட்சிப் பகுதி ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர் பரப்பு கொண்டது. அங்கு அவர்களுடைய சட்டமும் கட்டணமும்தான். தேசியப் பூங்கா அட்டை செல்லாது. ஆன்டலோப் கேன்யனுக்குள் அனுமதி பெற்ற வழிகாட்டியுடன்தான் நுழைய முடியும்.

நேரமும் குழப்பும். கோடையில் யூட்டா மாநிலம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறது; அரிசோனா நகர்த்துவதில்லை. ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நிலம் நகர்த்துகிறது. எல்லையோரத்தில் கைப்பேசியின் கடிகாரம் மாறி மாறிக் காட்டும். முன்பதிவு செய்யும்போதே “எந்த இடத்து நேரம்?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சில இடங்களுக்குக் குலுக்கல் முறையில்தான் அனுமதி கிடைக்கும். ஸயனின் ஏஞ்சல்ஸ் லேண்டிங் பாதைக்கு 2022 முதல் இந்த நடைமுறை. ‘தி வேவ்’ எனப்படும் பாறை வெளிக்கு ஒரு நாளில் 64 பேருக்கு மட்டுமே அனுமதி. இவை கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் இவற்றை நம்பி முழுப் பயணத்தையும் அமைக்க வேண்டாம்.

உரிமம், வாடகை, கட்டணம்

சிங்கப்பூரில் 18 வயதில் வாகனமோட்டும் உரிமம் கிடைத்தாலும், அமெரிக்காவில் பெரும்பாலான வாடகை நிறுவனங்கள் 21 வயது நிரம்பியவர்களுக்கே கார் தரும். 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் நாள்தோறும் கூடுதல் கட்டணம் வாங்கும். யார் யார் ஓட்டப் போகிறீர்கள் என்பதை ஒப்பந்தத்தில் பதிவுசெய்யுங்கள். காப்புறுதியில் ஒரு வெள்ளிகூடச் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

அங்குச் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நமக்கும் லாஸ் வேகாஸுக்கும் 15, 16 மணி நேர வித்தியாசம் உண்டு. விமானத்திலிருந்து இறங்கிய அன்றே காரை எடுக்காமல், ஓர் இரவு தூங்கி எழுந்து தொடங்குங்கள்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் உடையவர்கள் ‘எஸ்டா’ மின்னியல் அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மலேசியக் கடப்பிதழுக்கு விசா தேவை. குழுவில் இரு நாட்டவரும் இருந்தால் விசாவுக்கான காலத்தைக் கணக்கில் கொண்டே விமானச் சீட்டு வாங்குங்கள்.

2026 முதல் வெளிநாட்டவருக்குப் பூங்காக் கட்டணம் உயர்ந்துள்ளது. கிராண்ட் கேன்யன், ஸயன், பிரைஸ் உட்பட 11 பூங்காக்களில் 16 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் 100 அமெரிக்க டாலர் கூடுதல் கட்டணம். நால்வர் இந்த மூன்று பூங்காக்களுக்குச் சென்றால் அதுவே 1,200 டாலர். 250 டாலர் ஆண்டு அட்டை வாங்கினால் இந்தக் கூடுதல் கட்டணம் இல்லை. விதிமுறைகள் மாறக்கூடும் என்பதால் புறப்படும் முன் தேசியப் பூங்காச் சேவையின் இணையத்தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களுக்குள் ஓர் உடன்பாடு

பயணத்தில் ஆபத்தான முடிவுகள் பெரும்பாலும் அறியாமையால் எடுக்கப்படுவதில்லை. நால்வரில் ஒருவருக்குத் தயக்கம் இருக்கும். மற்ற மூவரின் உற்சாகத்தைக் கெடுக்க மனமில்லாமல் அவர் பேசாமல் இருந்துவிடுவார். ஆகவே விமானச் சீட்டு வாங்கும் முன்பே சில விதிகளைப் பேசி முடிவெடுங்கள்.

நால்வரில் எவர் வேண்டாம் என்றாலும் அன்றைய திட்டம் நிற்கும், காரணம் கேட்கக்கூடாது, பின்னர் கேலி செய்யக்கூடாது. ஒவ்வொரு நடைக்கும் திரும்பும் நேரம் ஒன்றைக் குறிக்க வேண்டும். இலக்கை அடைந்தாலும் அடையாவிட்டாலும் அந்த நேரத்தில் திரும்ப வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுநர் மாற வேண்டும். வீட்டில் ஒருவரிடம் நாள்வாரியான திட்டம் இருக்க வேண்டும். இரவு எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைப்பது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புறப்படும் முன் உங்கள் குழு பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் ஐந்து:

1. நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுகிறோம்? நான்குக்கு மேல் என்றால் எந்த இடத்தை விடலாம்?

2. ஒவ்வொரு நாளும் கடைசிப் பெட்ரோல் நிலையம் எது, தண்ணீர் எங்கே நிரப்பலாம்?

3. மழை, வெள்ளம், கடும் வெப்பம் வந்தால் அன்றைய மாற்றுத் திட்டம் என்ன?

4. எந்த நடையில், எத்தனை மணிக்குத் திரும்புவோம்?

5. வேண்டாம் என்று சொல்லும் நண்பரின் பேச்சைக் கேட்போமா?

ஐந்தாவது கேள்விக்கு நால்வரும் தயங்காமல் ‘ஆம்’ என்றால், விமானச் சீட்டை வாங்கலாம்.