திசைவியின் தற்சோதனையும் அதன் எல்லையும்: ரொறன்ரோ நிறுவனமொன்றின் 2022ஆம் ஆண்டு முடக்கத்தை முன்வைத்து

2022 ஜூலை 8ஆம் நாள் அதிகாலையில், ரொறன்ரோவைத் தலைமையிடமாகக் கொண்ட ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு கனடா முழுவதும் செயலிழந்தது. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தொடர்பிழந்தனர். கடைகளில் இன்டராக் வழியான கொடுப்பனவு நின்றது; 911 அவசர அழைப்புகள் பல சென்று சேரவில்லை; ரோஜர்ஸ் சென்டரில் அன்றிரவு நிகழவிருந்த இசை நிகழ்ச்சியும் தள்ளிவைக்கப்பட்டது. இதற்குக் காரணம் பழுதுபட்ட கருவி அன்று. எனவே, ஒரு திசைவி தன்னைத்தானே எவ்வாறு சோதித்துக்கொள்கிறது, அச்சோதனை எதனைக் காணாது விடுகிறது என்பன ஒருங்கே நோக்கத்தக்கன.

வீடுகளில் ‘ரவுட்டர்’ என்றே வழங்கப்படும் கருவிக்குத் தமிழில் ‘திசைவி’ எனும் கலைச்சொல் நிலைபெற்றுள்ளது. ‘உலாவி’, ‘செயலி’ என்பவற்றோடு ஒத்த ஓசையுடைய இச்சொல், ஒவ்வொரு தரவுப் பொதிக்கும் செல்ல வேண்டிய திசையைக் காட்டுதலாகிய அதன் தொழிலைச் சுருங்கச் சொல்கிறது.

மின்சாரம் பாய்ந்தவுடன் திசைவி எந்தப் பொதியையும் அனுப்புவதில்லை. படிப்பதற்கு மட்டுமேயான நினைவகத்தில் பதிந்துள்ள சிறு நிரல் முதலில் எழுந்து தற்சோதனையை நடத்துகிறது. நினைவகக் கலங்களில் முன்னறிந்த எண்கோலங்களை எழுதி, மீண்டும் படித்து, இரண்டையும் ஒப்பிடுவது இச்சோதனையின் முதன்மையான உத்தி. இடைமுகங்களைப் பொறுத்தவரை, ஓர் இடைமுகம் தான் அனுப்பிய தரவைத் தானே திரும்பப் பெறுமாறு செய்து சரிபார்க்கலாம். பெருந்திசைவிகளில் மின்வழங்கிகள், விசிறிகள், செருகப்பட்ட அட்டைகள் ஆகியனவும் ஆராயப்படுகின்றன.

அடுத்து இயக்க முறைமை தேடப்படுகிறது. சிஸ்கோ நிறுவனத்தின் மரபான திசைவிகளில் 16 இருமங்கள் கொண்ட பதிவகம் ஒன்று, அம்முறைமையை எங்கே தேடுவது என்பதைத் தீர்மானிக்கும். வழக்கமாக அது பிளாஷ் நினைவகத்தில் இருக்கும். அங்கிருந்து முதன்மை நினைவகத்தில் ஏற்றப்படும். எங்கும் கிடைக்காவிடில், பழுதுநீக்குவோர் கட்டளையிடுவதற்குரிய மிக எளிய நிலையொன்றில் திசைவி நின்றுவிடும். முறைமை கிடைத்தால், மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்திலிருந்து தொடக்க அமைவடிவம் படிக்கப்பட்டு, நடப்பு அமைவடிவமாகிறது. நடப்பில் செய்த மாற்றத்தைச் சேமிக்க மறந்த பொறியாளர், அடுத்த மறுதொடக்கத்தின்போது அதனை இழப்பார். இத்தொழிலில் புதியோர் பெரும்பாலும் பட்டே அறிகிற பாடம் இது.

தற்சோதனையின் எல்லை இங்கேதான் புலப்படுகிறது. அமைவடிவத்தின் சொற்றொடர் பிழையைத் திசைவி சுட்டும். அதன் பொருத்தத்தை அறியாது. எழுத்துப்பிழையற்ற ஏட்டில் பொருட்பிழை இருப்பதைப் போன்றது இது.

ரோஜர்ஸ் நிகழ்வில் நேர்ந்ததும் அதுவே. ஏழு கட்டங்களாகத் திட்டமிடப்பட்ட மேம்படுத்தலின் ஆறாம் கட்டத்தில், பகிர்வுத் திசைவிகளின் அமைவடிவத்திலிருந்து ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. அது தடுத்து வைத்திருந்த வழித்தகவல்கள் மையத் திசைவிகளுக்குள் வெள்ளமெனப் புகுந்தன. அவற்றின் கொள்ளளவு சில நிமிடங்களில் மீறப்பட்டு அவை நிலைகுலைந்தன. கனடிய வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணையத்துக்காக ஸோனா பார்ட்னர்ஸ் தயாரித்து, 2024இல் சுருக்கம் வெளியான அறிக்கை மற்றொன்றையும் சுட்டுகிறது. தொடக்கத்தில் ‘உயர்வு’ எனக் கணிக்கப்பட்ட இடர்நிலை, முந்தைய கட்டங்கள் இடையூறின்றி முடிந்தமையால், ஆறாம் கட்டத்துக்குத் ‘தாழ்வு’ எனக் குறைக்கப்பட்டிருந்தது. கருவியின் தற்சோதனையைக் காட்டிலும் இக்கணிப்பே இங்குக் கூடுதல் கவனத்துக்குரியது.

மீட்சியும் எளிதாக அமையவில்லை. திசைவிகளைத் தொலைவிலிருந்து ஆளும் மேலாண்மை வலையமைப்பு, வீழ்ந்த அதே மையத்தையே சார்ந்திருந்தது. வீட்டின் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியதை ஒத்த நிலை இது. பொறியாளர்கள் பிழைப்பதிவுகளைப் பெறச் சுமார் 14 மணி நேரம் சென்றது. முடக்கம் 26 மணி நேரம் நீடித்தது. பின்னர் அந்நிறுவனம் மேலாண்மை வலையமைப்பை மையத்திலிருந்து பிரித்தது. கம்பியில்லாச் சேவைக்கும் கம்பிவழிச் சேவைக்கும் வெவ்வேறு மையங்களை அமைக்கவும் முற்பட்டது.