மைலோ டின்னில் கிடக்கும் காசு

வாசகர்களே, உங்கள் வீட்டுச் சாமி மாடத்தின் கீழோ, அரிசி டின்னுக்குப் பின்னாலோ ஒரு பழைய மைலோ டின் இருக்கிறதா? அதில் பாட்டி போட்டு வைத்த சில்லறையும் இருக்கிறதா? இருந்தால், தயவுசெய்து அதைக் கழுவிவிடாதீர்கள்!

ஏன் சொல்கிறேன் என்று கேளுங்கள். புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் என் அக்காள் மகனுக்குப் பாட்டியின் டின்னிலிருந்து 1971ஆம் ஆண்டு போட்ட 20 காசு ஒன்று கிடைத்தது. காசு சேர்ப்பவர்கள் தேடித் திரியும் ஆண்டு அது. அந்த ஆண்டின் 20 காசு மிகக் குறைவாகத்தான் அடிக்கப்பட்டது. பையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "புதுசு மாதிரி இருந்தால் கூட விலை கிடைக்கும்" என்று சாம்பல் போட்டு, தேங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்த்தான். காசும் வெள்ளித்தட்டுபோல் மின்னியது. பட்டணத்துக்குக் கொண்டுபோனான். வாங்குபவர் கண்ணாடி வைத்து ஒருமுறை பார்த்தார். "தம்பி, யார் இதைத் தேய்த்தது?" என்றார். அவர் சொன்ன விலையைக் கேட்டு வீடு வரும்வரை பையன் வாய் திறக்கவில்லை.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கை நம்முடையது. காசுக்கு அந்தப் பழக்கம் ஆகாது. தேய்த்தால் மேலே நுணுக்கமான கோடுகள் விழுகின்றன. அடித்தபோதே வந்த இயற்கையான பளபளப்பு போய்விடுகிறது. போனது திரும்ப வராது.

நம் நாட்டின் முதல் காசு வரிசை 1967இல் வந்தது. ஒரு பக்கம் நாடாளுமன்றக் கட்டடம், பிறை, நட்சத்திரம். 1989இல் வந்த இரண்டாம் வரிசை நம் வீட்டுச் சாமான்களையே காசில் கொண்டுவந்தது: 5 காசில் பம்பரம், 20 காசில் வெற்றிலைப் பெட்டி, 50 காசில் பட்டம். அதே வரிசையில் பொன்னிறமாக வந்த 1 வெள்ளிக் காசை நினைவிருக்கிறதா? 2005 டிசம்பர் 7இல் அது செல்லாமல் போயிற்று. கள்ளக் காசுத் தொல்லையும் அதற்கு ஒரு காரணம். 2008 ஏப்ரல் 1 முதல் கடைக் கணக்கை 5 காசுக்கு முழுமையாக்கும் முறை வந்ததும் 1 காசுக்கும் வேலை குறைந்தது.

அந்த 1 காசை வைத்துப் பிள்ளைகளோடு ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். ஒரு காந்தத்தை அருகில் கொண்டு போங்கள். 1967இல் வந்தவை வெண்கலம், ஒட்டாது. பின்னால் வந்தவை செம்பு பூசிய எஃகு, சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்!

சரி, காசின் தரத்தை எப்படிப் பார்ப்பது? ஜன்னலோரம் நின்று, காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். மேடான இடம்தான் முதலில் தேயும். கட்டடத்தின் கோடுகள் தனித்தனியே தெரிகின்றனவா, இல்லை ஒன்றாய்க் குழைந்து கிடக்கின்றனவா? உலகமெங்கும் 1 முதல் 70 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 1949இல் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்காக வகுத்த அளவு அது. கை மாறாத, தேயாத காசுக்கு 60க்கு மேல். கொஞ்சமே தேய்ந்ததற்கு 40, 45. எழுத்தும் படமும் தெரிந்தும் நன்றாகத் தேய்ந்தது 12, 15. நம் சில்லறையில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகைதான். அவற்றுக்கு முகமதிப்புக்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாசார் மாலாமில் யாராவது ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

நல்ல காசு அகப்பட்டால், அழுக்கோடு அழுக்காகவே தனிக் காகித உறையில் போட்டு, மேலே ஆண்டையும் கிடைத்த இடத்தையும் எழுதுங்கள். மெத்தென்ற பிளாஸ்டிக் உறை வேண்டாம். நாளடைவில் பச்சைப் பிசின்போல் காசில் ஒட்டும். ஈரம் படாத அலமாரியில் வையுங்கள்.

என் அக்காள் மகன் அந்த 20 காசை விற்கவில்லை. உறையில் போட்டு, மேலே "பாட்டி காசு, 1971, நான் தேய்த்தது" என்று எழுதி வைத்திருக்கிறான்.