கண்ணுக்குத் தெரியாத வலிக்கும் கொடுப்பனவு உண்டா?

“தலைவலிக்கெல்லாம் அரசாங்கம் காசு கொடுக்குமா, மிஸ்?” பதுளைப் பகுதித் தோட்டங்களில் மாதர் கூட்டங்களுக்குச் செல்லும்போது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பட்டினி இருக்கிறது.

கொழுந்து பறிக்கும் சகோதரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 34. மாதத்தில் பாதி நாட்கள் தலையின் ஒரு பக்கம் சம்மட்டியால் அடிப்பது போல வலிக்கும். வெயிலைப் பார்க்க முடியாது, வாந்தி வரும். நெற்றியில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு லயத்து அறையின் இருட்டு மூலையில் படுத்துவிடுவார். அன்று பேர் இல்லை. வலியோடு மலைக்குப் போனாலும் நிறை குறைந்து அரைப் பேர்தான். “நடிக்கிறாள்” என்கிறார்கள் சுற்றியிருப்பவர்கள்.

அவர் உதவி கேட்டு விண்ணப்பித்தார். “கை, கால் நல்லாத்தானே இருக்கு?” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரிடம் இருந்த ஒரே சான்று, “தலைவலி” என்ற ஒரு சொல் எழுதிய மருந்துத் துண்டு.

ஒற்றைத் தலைவலி சாதாரண நோயல்ல. உலக அளவில் இளம் பெண்களைச் செயலிழக்கச் செய்யும் நோய்களில் இதுவே முதலிடத்தில் இருப்பதாக, 2019 ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்ட ஆய்வு காட்டியது. மூன்று மாதங்களுக்கு மேலாக, மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அவற்றில் எட்டு நாட்களாவது ஒற்றைத் தலைவலியாக இருந்தால், அதை நாட்பட்ட நோய் என வைத்தியர்கள் கணிக்கிறார்கள்.

சட்டம் கேட்பது என்ன?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் நோய்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடவில்லை. உடல் அல்லது உளக் குறைபாட்டால் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவு செய்ய இயலாதவரைப் பற்றியே அது பேசுகிறது. குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 ஏப்ரல் முதல் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. தலைவலி என்று எழுதினாலே அது கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நோயின் பெயரை மட்டும் எழுதாமல், அதனால் எதைச் செய்ய முடியவில்லை என்பதையும் எழுதிக் காட்ட வேண்டும் என்றே சொல்கிறேன்.

நாம் செய்யக்கூடியவை

முதலில், சுவர்க் கலண்டரை எடுங்கள். வலித்த நாளில் ஒரு புள்ளி வையுங்கள். வேலைக்குப் போகவில்லை, அரைப் பேர், அடுப்பு மூட்டவில்லை என்று பக்கத்தில் குறியுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கொண்டு எழுதுங்கள். மூன்று மாதக் கலண்டர் நல்ல சாட்சி.

அடுத்து, தோட்ட டிஸ்பென்சரியோடு நின்றுவிடாமல் அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். கலண்டரை வைத்தியரிடம் காட்டி, வேலை செய்ய முடியாத நாட்களையும் அறிக்கையில் குறிப்பிடும்படி கேளுங்கள். வலி வராமல் தடுக்கும் மருந்துகளும் உண்டு. மாதத்தில் பாதி நாட்கள் வலி மாத்திரை விழுங்கினால், அதுவே தலைவலியை அடிக்கடி வரச் செய்துவிடலாம். இதையும் மறக்க வேண்டாம்.

பிறகு கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். மொழிக்கு அஞ்ச வேண்டாம். பதுளை, ஹாலிஎல, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்ல, மீகஹகிவுல ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 இல் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். ஒரு பிரதியைத் திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தகவல் கோரினால், அதைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டும். காரணம் தெரிந்தால்தான் மேன்முறையீட்டில் என்ன எழுதுவது என்று தெரியும்.

வலியோடு இருப்பவரால் இத்தனை வாசல்களுக்குத் தனியே ஏறி இறங்க முடியாது. ஒவ்வொரு மாதர் சங்கமும் எழுதப் படிக்கத் தெரிந்த இருவரையாவது இதற்கென ஒதுக்கட்டும். “நடிக்கிறாள்” என்று சொல்வதை நாம் நிறுத்தினால்தான், அலுவலகத்தில் இருப்பவரையும் நம்பச் சொல்லி நாம் கேட்க முடியும்.