சம்பளம் நின்றது, இ.எம்.ஐ. நிற்கவில்லை: நோயால் வருமானம் போனால் கடனைச் சமாளிப்பது எப்படி?

மாதம் 5-ம் தேதி காலை. 'போதிய இருப்பு இல்லாததால் தவணையைப் பிடிக்க முடியவில்லை' என்று செல்போனில் மெசேஜ். கொஞ்ச நேரத்தில் கடன் நிறுவனத்திலிருந்து போன். படுக்கையில் இருப்பவர் போனைக் கவிழ்த்து வைக்கிறார். "யாருங்க?" என்று மனைவி கேட்டால், "ஆபிஸ்ல இருந்து" என்கிறார்.

நோயால் வருமானம் நின்ற வீடுகளில் கடன் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முற்றுகிறது. அதை மறைத்து வைக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டியும் அபராதமும் கூடிக்கொண்டே போகும்.

ஒரு கணக்கு

சென்னையில் வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு மாதம் 52,000 ரூபாய், மனைவிக்கு 18,000 ரூபாய் சம்பளம். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை, நான்கு மாதம் ஓய்வு. விடுப்பு தீர்ந்ததும் கணவரின் சம்பளம் நின்றுவிட்டது.

வாடகை 12,000, தனிநபர் கடன் தவணை 11,000, பைக் தவணை 3,500, கிரெடிட் கார்டு மினிமம் தொகை 4,250. மொத்தம் 30,750 ரூபாய். கையில் வருவதோ 18,000. அரிசியும் மருந்தும் வாங்குவதற்கு முன்பே 12,750 ரூபாய் துண்டு விழுகிறது.

இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதி, வீட்டில் இருவரும் சேர்ந்து பார்ப்பதுதான் முதல் வேலை. யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி, அடமானம் உண்டா, ஜாமீன் யார் என்ற ஐந்து விவரங்கள் போதும்.

எதை முதலில் கட்டுவது?

அதிகமாக போன் செய்கிறவருக்கு முதலில் கட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. உணவு, மருந்து, வாடகை, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் ஆகியவைதான் முதல் வரிசை. சிகிச்சை நடக்கும்போது பாலிசி காலாவதியானால் பெரும் நஷ்டம். அடுத்தது வீடு, வாகனம், நகை என்று பொருளை அடமானம் வைத்து வாங்கிய கடன்கள். அடமானம் இல்லாத கடன்கள் அதற்குப் பிறகு.

கிரெடிட் கார்டில் 'மினிமம் கட்டினா போதும்' என்ற நினைப்பு ஆபத்தானது. 85,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 3.5% வட்டி என்றால் 2,975 ரூபாய். அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்ந்தால் சுமார் 3,510. ஆக, 4,250 கட்டினாலும் அசலில் குறைவது சுமார் 740 ரூபாய்தான். இதே தொகைக்கு மாதம் 1% வட்டியில் நகைக்கடன் வாங்கினால் வட்டி 850 ரூபாய். வீட்டில் நகை இருந்தால் கார்டு பாக்கியை அப்படி அடைக்கலாம். ஆனால், அடைத்த பிறகு கார்டை மறுபடி தேய்த்தால் கடன் இரண்டாகும். நகையை மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போகும்.

வங்கியிடம் எப்போது பேசுவது?

தவணை தவறுவதற்கு முன்பே. டிஸ்சார்ஜ் சம்மரி, ஓய்வு தேவை என்ற மருத்துவர் சான்று, சம்பளம் நின்றதற்கான கடிதம் ஆகியவற்றை இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். 'சில மாதங்களுக்கு வட்டி மட்டும் கட்டுகிறேன்' அல்லது 'தவணைக் காலத்தை நீட்டித் தாருங்கள்' என்று குறிப்பாகக் கேளுங்கள். வங்கி ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒப்புக்கொண்டாலும் மொத்த வட்டி கூடும், கடன் வரலாற்றிலும் பதிவாகலாம். ஆனாலும் 90 நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால் கடன் வாராக்கடனாகிவிடும். பேரம் பேச நல்ல நேரம் அதற்கு முந்தைய வாரங்கள்தான்.

தவணை தவறினால் அபராதக் கட்டணம் உண்டு. ஆனால், அதை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2023-ல் வெளியிட்ட விதி. ஸ்டேட்மென்ட்டைச் சரிபாருங்கள்.

கைக்கு வரவேண்டிய பணம்

- மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு, போதிய நாட்கள் சந்தா செலுத்தியிருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70% தொகை ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். மனைவி ஈ.எஸ்.ஐ.யில் இருந்தால் கணவருக்கும் அதில் சிகிச்சை உண்டு.
- மருத்துவச் செலவுக்காக பி.எஃப். கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம்.
- கடன் வாங்கும்போதே அதனுடன் காப்பீடு சேர்த்திருப்பார்கள். அதில் தீவிர நோய் அல்லது ஊனத்துக்கான பாதுகாப்பு இருக்கிறதா என்று பழைய ஆவணங்களைப் புரட்டிப் பாருங்கள்.
- தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும்.

மிரட்டினால் என்ன செய்வது?

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன்தாரருக்கு போன் செய்யக் கூடாது. திட்டுவது, சொந்தக்காரர்களிடம் சொல்லி அவமானப்படுத்துவது எல்லாமே விதிமீறல். கடன் செயலிகள் செல்போனின் தொடர்பு எண்களை எடுக்கவும் அனுமதி இல்லை. அழைப்பு விவரம், மெசேஜ் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்யுங்கள். 30 நாட்களில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் அளிக்கலாம். விவரம் அறிய 14448. போலிச் செயலி, படத்தை மார்ஃபிங் செய்து மிரட்டல் என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு முதலே தனிச் சட்டம் உண்டு.

'பாதி கட்டினா முடிச்சுக்கலாம்' என்றால்?

அவசரப்பட வேண்டாம். குறைந்த தொகைக்குக் கடனை முடித்தால் கிரெடிட் ரிப்போர்ட்டில் 'க்ளோஸ்டு' என்று இல்லாமல் 'செட்டில்டு' என்று பதிவாகும். பின்னாளில் வீட்டுக்கடன் கேட்கும்போது அது இடிக்கும். வேறு வழியே இல்லை என்றால், நிறுவனத்தின் கடிதம் கையில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். முகவரின் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

ஒரு கடனை அடைக்க செயலியில் இன்னொரு கடன் வாங்குவதைத்தான் எப்படியாவது தவிர்க்க வேண்டும். பலர் அதில் விழுவது வீட்டுக்குத் தெரியாமல் சமாளிக்கப் பார்த்துத்தான். "யாருங்க?" என்ற கேள்விக்கு, "பேங்க்ல இருந்து. உட்காரு, பேசணும்" என்று சொல்லிவிட்டால் பாதி வழி திறந்துவிடும். உடம்பு தேற நான்கு மாதம் ஆகும் என்று வீட்டுக்குத் தெரியும். கடன் தேற எத்தனை மாதம் ஆகும் என்பதும் தெரியட்டும்.